தராசும் நீர்த்தொட்டியும்: விளையாட்டு வீரர்களின் உடற்கொழுப்பு அளவீட்டு வரலாறு (1942–2024)

ஆய்வுச்சுருக்கம்

உயர்நிலை விளையாட்டு வீரர் ஒருவரின் உடலில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்னும் வினா இன்று பயிற்சிக்கூடங்களில் இயல்பாகக் கேட்கப்படுகிறது. எடை அட்டவணையின் பிழையான தீர்ப்பிலிருந்து வீரர்களை விடுவிக்கும் கருவியாகவே இவ்வெண் 1942இல் விளையாட்டு உலகில் நுழைந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அதுவே வீரர்கள்மேல் தீர்ப்பு வழங்கும் எண்ணாகியது. இம்மாற்றம் நிகழ்ந்த வழியையும், அவ்வெண் நின்ற அடித்தளத்தின் உறுதியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்கூட்டமைவு, ஒப்படர்த்தி, கொழுப்பு விழுக்காடு, தோல்மடிப்பு, ஆல்பர்ட் பென்கி, மற்போர், விளையாட்டு அறிவியல் வரலாறு

முன்னுரை

அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிய சில மாதங்களுக்குள், 1942இல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டையும் எழுதியோர் கடற்படை மருத்துவர்கள். இரண்டாம் கட்டுரை 25 தொழில்முறை வீரர்களைப் பற்றியது. அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதித் தள்ளும் ஆட்டம் அது. அந்நாளைய உயர–எடை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகையெடையர். படைத்துறைப் பணிக்கு ஏலாதவர். முதல்தர ஆயுள் காப்பீட்டுக்கும் தகுதியற்றவர். நாட்டிலேயே மிக வலிமை வாய்ந்த உடல்களுள் சிலவற்றை நாட்டின் அட்டவணை நோயுடல்களின் வரிசையில் நிறுத்தியிருந்தது.

உடலின் எடை எவ்வெப் பொருள்களால் ஆனது என்பதையே உடற்கூட்டமைவு என்கிறோம். எலும்பு, தசை, நீர், கொழுப்பு ஆகியவை அதன் பெரும் கூறுகள். அவ்விரு கட்டுரைகள் வரும் வரை உயிருள்ள மனிதரின் கொழுப்பை அளவிட நடைமுறைக்கேற்ற வழி எதுவும் இருக்கவில்லை. தராசு ஒன்றே இருந்தது. தராசோ தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது.

எடை அட்டவணையின் பிறப்பு

பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்டலே, வளர்ந்த மனிதரின் எடை ஏறத்தாழ உயரத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது என்பதை 1830களில் கண்டார். அவர் தேடியது சராசரி மனிதனை. நோயாளியையோ வீரனையோ அன்று. இன்று நாம் உடல் நிறை குறியீட்டெண் என்று வழங்கும் அளவு இதுவே. அப்பெயரை அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1972இல்தான் சூட்டினார். இடைப்பட்ட காலத்தில் எடையைப் பொருட்படுத்தியவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களே. 1912இல் அவை கூட்டாக வெளியிட்ட இறப்பு ஆய்வு, உயரத்துக்கு மிஞ்சிய எடையை இடர்க்காரணியாகப் பதிவு செய்தது. காப்பீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது கட்டணம் குறிக்க ஓர் எண். அதற்கு அந்த அட்டவணை போதும். படைத்தேர்வு மருத்துவரின் மேசைக்கு வந்தபோதுதான் அது தன் எல்லையைத் தாண்டியது.

முக்குளிப்போரின் மருத்துவர்

கட்டுரைகளின் முதன்மை ஆய்வாளர் ஆல்பர்ட் பென்கி (1903–1992) விளையாட்டு மருத்துவர் அல்லர். அவர் துறை ஆழ்கடல் முக்குளிப்பு. 1939 மே மாதம் ஸ்குவாலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி, உள்ளிருந்த 33 பேர் உயிருடன் மீட்கப்பட்டபோது முக்குளிப்போரைக் காத்த மருத்துவர்களுள் அவரும் ஒருவர். ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பவரின் உடலில் நைட்ரஜன் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலியையும், சிலவேளை மரணத்தையும் விளைவிக்கும். நைட்ரஜன் நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். ஆகவே கொழுப்பு மிகுந்தவருக்கு இடர் மிகுதி. ஒரு முக்குளிப்பவரின் உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அறிவது பென்கிக்கு உயிர்காக்கும் கணக்காயிருந்தது.

அவர் கையாண்ட வழி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம். கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.90, கொழுப்பு நீங்கிய உடற்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.10. முன்னது நீரில் மிதக்கும், பின்னது அமிழும். எனவே ஒருவரைத் தரையிலும் நீருக்கடியிலும் நிறுத்து ஒப்பிட்டால் உடலின் ஒப்படர்த்தி கிடைக்கும். அதிலிருந்து கொழுப்பின் பங்கை மதிப்பிடலாம். உயிருள்ள மனிதரின் ஒப்படர்த்தியை அளக்கும் முயற்சி புதிதன்று. ஜான் ராபர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் 1757இலேயே மனிதர்களைத் தொட்டிநீரில் இறக்கி அளந்து பார்த்தார். அவர் அறிய விரும்பியது, கடலில் விழுந்தவரை மிதக்க வைக்க எவ்வளவு மரம் வேண்டும் என்பதே. முறையின் உண்மையான தடை நுரையீரலில் இருந்தது. மூச்சை முழுவதும் வெளிவிட்ட பிறகும் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சும். அது உடலை மிதக்கச் செய்து கொழுப்பைப்போல் நடிக்கும். அக்காற்றைத் தனியே மதிப்பிட்டுக் கழித்ததே பென்கி குழுவினரின் பங்களிப்பு. இக்கழித்தல் எத்துணை நுட்பமானது என்பதைப் பின்வந்த சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடலாம்: 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எஞ்சிய காற்றை 100 மில்லிலிட்டர் பிழையாக மதித்தால் கொழுப்பு விழுக்காடு ஏறத்தாழ 0.7 மாறிவிடும்.

கால்பந்து வீரர்கள் நீரில் நிறுக்கப்பட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. எடை அட்டவணை தள்ளி வைத்தவர்களுள் பலரின் ஒப்படர்த்தி மிக உயர்ந்திருந்தது. அவர்களின் மிகையெடை தசையும் எலும்பும் ஆகும், கொழுப்பு அன்று. அட்டவணையின் குற்றச்சாட்டுக்கு நீர்த்தொட்டி அளித்த மறுப்புரை இது. அளவீடு தொடங்கிய இந்த இடத்தை நினைவில் கொள்வது நலம். பின்னர் எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இதனை மறந்துவிட்டன.

ஒலிம்பிக் உடல்கள்

போருக்குப்பின் அளவிடுவோரின் கவனம் ஒலிம்பிக் போட்டிகளின்பால் திரும்பியது. எந்த ஆட்டத்துக்கு எந்த உடல் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1940இல் வில்லியம் ஷெல்டன் மனித உடலைக் கொழுப்பு, தசை, ஒல்லித்தன்மை ஆகிய மூன்று கூறுகளின் மதிப்பெண்ணால் வகைப்படுத்தியிருந்தார். உடல்வகையிலிருந்து மனப்பண்பையும் குற்ற நாட்டத்தையும் படிக்க முயன்ற அவருடைய பிற்காலக் கூற்றுகள் மதிப்பிழந்தன. உடல்வகைப் பாகுபாடு மட்டும் திருத்தங்களுடன் விளையாட்டு ஆய்வில் எஞ்சியது. 1967இல் பார்பரா ஹீத், லிண்ட்சே கார்ட்டர் இருவரும் அமைத்த திருத்தமே இன்றும் வழக்கில் உள்ளது.

இவ்வகை ஆய்வுகளில் ஜேம்ஸ் டேனரின் பணி தலையாயது. குழந்தை வளர்ச்சி ஆய்வாளராக அறியப்பட்ட டேனர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட 137 தடகள வீரர்களை அளந்து, கை கால்களை ஊடுகதிர்ப் படமெடுத்து எலும்பு, தசை, கொழுப்பு ஆகியவற்றின் அகலங்களைப் பிரித்துக் கணித்தார். முடிவுகள் 1964இல் நூலாயின. நெடுந்தொலைவு ஓட்டக்காரர் சிறிய உடலினர். 400 மீட்டர் ஓட்டக்காரர் நீண்ட காலும் அகன்ற தோளும் உடையவர். எறிதல் வீரர் உயரமும் பெருந்தசையும் கொண்டவர். ஏற்ற உடலமைப்பு இல்லாதவர் உச்சநிலையை எட்டுவது கடினம் என்று டேனர் கருதினார். ஆனால் அவ்வுடலமைப்பு இருந்தாலே வெற்றி உறுதி என்று அவர் சொல்லவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1,265 வீரர்கள் அளக்கப்பட்டனர். அங்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் உடல்கள் பிரிந்து நின்றன.

கொழுப்பு என்னும் ஒரு கூற்றை மட்டும் எடுத்து நோக்கினாலும் ஆட்டங்களுக்கிடையிலான தொலைவு வியப்பூட்டுவது. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த கிரேக்கப் படைத்தலைவர் ஜேசன் சிர்கனோசைக் கிரிஃபித் பியூ, ஓட்டோ எடோம் இருவரும் 1955இல் ஆராய்ந்தனர். குளிர்நீர்த் தொட்டியில் மெலிந்த உடலினரான பியூ விரைவில் உடல்வெப்பம் இழந்தார். சிர்கனோஸ் நெடுநேரம் தாக்குப்பிடித்தார். கால்வாய் நீச்சலில் தோலடிக் கொழுப்பு ஓர் ஆடை. (1953 எவரெஸ்ட் குழுவின் உடலியலாளரும் இந்தப் பியூதான், குளிரின் இரு முகங்களையும் அவர் தம் உடலாலேயே அறிந்தவர்.) ஜப்பானிய சூமோ மற்போர் வீரர்களை ஆராய்ந்து 1994இல் வெளியான கட்டுரை இன்னொரு முனையைக் காட்டுகிறது. அதில் ஒரு வீரர் 181 கிலோ எடையினர். கொழுப்பு 33 விழுக்காடு. மருத்துவக் கூடத்தில் இது பருமன் நோய். ஆனால் அக்கொழுப்பைக் கழித்தபின் எஞ்சிய உடற்பொருள் 121 கிலோ. அளக்கப்பட்ட மனித உடல்களுள் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. மறுகோடியில் நெடுந்தொலைவு ஓட்டம். 1972 மியூனிக் ஒலிம்பிக் மராத்தானில் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டரை 1975இல் டல்லசில் நீருக்கடியில் நிறுத்தபோது கிடைத்த கொழுப்பு 2.2 விழுக்காடு.

இந்த 2.2 நின்று நோக்கத்தக்கது. பென்கியும் ஜாக் வில்மோரும் 1974இல் வெளியிட்ட நூலில், உயிர்வாழ இன்றியமையாத கொழுப்பு ஆணுக்கு 3 விழுக்காடு, பெண்ணுக்கு 12 விழுக்காடு என்று வகுத்திருந்தனர். மூளை, நரம்பு, எலும்பு மச்சை ஆகியவற்றில் உள்ள கொழுப்பு அது. ஷார்ட்டரோ அதற்கும் குறைவான கொழுப்புடன் மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேகத்தில் 42 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். உயிர்வாழ இயலாத நிலையில் அவர் ஓடினார் என்று கொள்வதினும், அளவுகோலில் பிழை உண்டு என்று கொள்வதே அறிவுடைமை.

சூத்திரத்தின் அடித்தளம்

ஒப்படர்த்தியைக் கொழுப்பு விழுக்காடாக மாற்ற இன்றும் பயன்படும் சூத்திரம் வில்லியம் சிரியுடையது. 495ஐ உடலடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் விழுக்காடு கிடைக்கும். அடர்த்தி 1.060 எனில் 17, 1.080 எனில் 8.3, 1.100 எனில் சுழியம். சிரி பெர்க்லியில் பணியாற்றிய உயிரியற்பியலாளர்; 1963இல் அமெரிக்க எவரெஸ்ட் பயணத்தின் துணைத்தலைவர். அவர் அமைத்த சமன்பாட்டில் மறைந்துள்ள கருதுகோள் ஒன்றே: கொழுப்பு நீங்கிய உடற்பொருளின் அடர்த்தி எல்லா மனிதரிடத்தும் 1.100 என மாறாதிருக்கிறது.

இக்கருதுகோளின் சான்றுகள் எவை? 1945இல் ராத்பன், பேஸ் இருவரும் உள்ளுறுப்பு நீக்கிய கினிப் பன்றிகளை நிறுத்து, அடர்த்திக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பை வகுத்தனர். மனித உடல்களில் முழு வேதிப் பகுப்பாய்வு நடந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. ஜோசஃப் பிரோசெக்கும் கீசும் உடனாய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட மாற்றுச் சூத்திரத்தின் அடிப்படை, 25, 35, 46 வயதுடைய மூன்று ஆண் சடலங்கள். அவர்களுள் எவரும் ஒலிம்பிக் வீரர் அல்லர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடர்த்தியைப் பிழையின்றி அளந்தாலும், மனிதருக்கு மனிதர் உள்ள இயற்கை வேறுபாட்டால் மட்டுமே விடையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டு அளவு ஐயப்பாடு எஞ்சும் என்று சிரியே எழுதினார். அவர் சொன்ன எச்சரிக்கை சூத்திரத்துடன் சேர்ந்து பயணிக்கவில்லை.

1979 முதல் 1983 வரை பிரசல்சில் 25 சடலங்களைக் கூறுபடுத்தி ஆராய்ந்த குழு இந்த மாறாமைக் கருதுகோளை நேரடியாகச் சோதித்தது. கொழுப்புத் திசுவை நீக்கிய உடலில் தசையின் பங்கு 42 முதல் 59 விழுக்காடு வரையும், எலும்பின் பங்கு 16 முதல் 26 விழுக்காடு வரையும் விரிந்திருந்தது. எலும்பு கனத்தவரின் கொழுப்பற்ற உடல் 1.100ஐத் தாண்டும் என்பது இதனால் தெளிவு. தாண்டினால் என்னவாகும்? 1982இல் கனடாவின் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை நீரில் நிறுத்தபோது சிலருக்குச் சுழியத்துக்கும் கீழான கொழுப்பு விழுக்காடு கிடைத்தது. பென்கி அளந்த அதே வகை ஆட்டக்காரர்கள், அதே முறை, ஆனால் விடை இயற்கையில் இருக்க முடியாதது. கறுப்பின ஆண்களிடம் கொழுப்பற்ற உடலின் அடர்த்தி 1.113 என 1984இல் ஷட்டேயும் உடனாய்வாளர்களும் மதிப்பிட்டனர். அவ்வாறாயின் பழைய சூத்திரம் அவர்களது கொழுப்பை இடைவிடாது குறைத்தே காட்டியிருக்கும்.

அளவு ஆணையான கதை

நீர்த்தொட்டி ஆய்வுக்கூடத்தை விட்டு நகராது. எண்ணைப் பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுசென்றது மடிப்பளவி. தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் இரு விரலால் பற்றி, இடுக்கி போன்ற கருவியால் மில்லிமீட்டரில் அளப்பது இம்முறை. 1974இல் கிளாஸ்கோவில் டர்னின், வாமர்ஸ்லி ஆகியோர் 481 ஆண் பெண்களை அளந்து, நான்கு மடிப்புகளிலிருந்து உடலடர்த்தியை ஊகிக்கும் அட்டவணை வகுத்தனர். 1978இல் ஜாக்சனும் பொல்லாக்கும் ஆண்களுக்கான சமன்பாட்டை வெளியிட்டனர். மடிப்பிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து கொழுப்பு என்று ஊகத்தின்மேல் ஊகம் அடுக்கப்பட்டது. பயிற்சியாளர் கையில் வந்து சேர்ந்ததோ தசமப் புள்ளியுடன் கூடிய ஓர் உறுதியான எண்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. வென்றவர்களின் சராசரி, வெல்ல விரும்புவோருக்கு விதியாயிற்று. மராத்தான் வீரரிடம் கொழுப்பு குறைவு என்பது பல்லாண்டுப் பயிற்சியும் பிறப்பமைப்பும் கூடி வடிகட்டிய விளைவு. கொழுப்பைக் குறைத்தால் அவ்வேகம் வரும் என்பது வேறொரு கூற்று. அளவீட்டாளர் எவரும் அதனை நிறுவவில்லை. ஆயினும் நீள ஓட்டம், சீருடற்பயிற்சி, படகோட்டம் ஆகியவற்றில் இலக்கு விழுக்காடுகள் சுவர்களில் ஒட்டப்பட்டன. பெண்களுக்கு இதன் விலை கடுமையாயிருந்தது. உணவுக் குறைபாடு, மாதவிடாய் நின்றுபோதல், எலும்பு தேய்தல் என்னும் மூன்றும் ஒருங்கே வருவதை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1992இல் பெயரிட்டு அடையாளப்படுத்தியது. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதனை ஆற்றல் பற்றாக்குறை நோயாக விரித்து, ஆண்களையும் அதனுள் அடக்கியது.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மற்போர் வீரர் மூவர் ஐந்து வாரங்களுக்குள் இறந்தனர். மூவரும் எடைப்பிரிவுக்குள் நுழையும் பொருட்டு, காற்றுப்புகா உடையணிந்து வெப்ப அறையில் உடற்பயிற்சி செய்து நீரை வற்றச் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் இழந்தது நீர், கொழுப்பு அன்று. இதன்பின் கல்லூரி விளையாட்டுச் சங்கம் புது விதி வகுத்தது. பருவத் தொடக்கத்தில் சிறுநீரின் ஒப்படர்த்தி 1.020ஐத் தாண்டாதிருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதாவது உடலில் நீர் வற்றவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு கொழுப்பு அளக்கப்படும்; 5 விழுக்காடு எஞ்சும் எடைக்குக் கீழ் எவரும் மற்போரிட இயலாது. பிழைகள் அனைத்தையும் சுமந்துகொண்டே அவ்வெண் தான் பிறந்த பணிக்கு, வீரரைக் காக்கும் பணிக்கு, ஓரிடத்திலாவது மீண்டது. பனிச்சறுக்குத் தாவலில் 2004 முதல் வந்த விதி இதனினும் விந்தையானது. மிக மெலிந்தவர் குட்டையான சறுக்குப் பலகையையே அணிய வேண்டும்; மெலிவை அளக்க எடுத்துக்கொள்ளப்பட்டது கெட்டலேயின் பழைய விகிதம்.

இந்திய உடலும் கிளாஸ்கோ அட்டவணையும்

இந்தியாவில் வீரர்தம் உடலமைப்பு ஆய்வு பட்டியாலாவை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அங்கு 1961இல் தேசிய விளையாட்டு நிறுவனம் அமைந்தது. சோதியும் சித்துவும் எழுதிய உடலமைப்பும் வீரர் தேர்வும் பற்றிய நூல் 1984இல் அங்கிருந்தே வெளிவந்தது. எனினும் இந்திய ஆய்வுகளில் மடிப்பளவுகளைக் கொழுப்பாக மாற்றப் பரவலாகக் கையாளப்பட்டது கிளாஸ்கோ அட்டவணையே. இது சிறு குறை அன்று. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யூட்கின் இருவரும் 2004இல் தம்மையே அளந்து வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண்ணின் அடியில் இரு வேறு உடல்கள் இருக்குமாயின், ஓரிடத்து மக்களைக் கொண்டு வகுத்த சமன்பாட்டை இன்னோரிடத்து வீரருக்குப் பொருத்தும்முன் அதைச் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமை. தமிழகக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறை ஆய்வேடுகளும் இச்சரிபார்ப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ மற்போர் இறுதிக்கு முன்னேறிய வினேஷ் போகட், இரண்டாம் நாள் காலை எடையில் 100 கிராம் மிகுந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவெல்லாம் வியர்த்தும், தலைமுடியைக் குறைத்தும் அந்த 100 கிராம் போகவில்லை. விளையாட்டு நடுவர் மன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. விதி விதியே என்னும் வாதத்தில் சட்டப்படி பிழையில்லை. ஆனால் பன்னாட்டு மற்போர் மேடையில் கல்லூரி விதியின் சிறுநீர்ச் சோதனையோ கொழுப்பின் கீழ்வரம்போ தீர்ப்பளிக்கவில்லை. அங்கே தீர்ப்பளித்தது 1942இல் பென்கி ஐயுற்ற அதே தராசு.

உயர்நிலை ஆய்வுக்கூடங்கள் சில இதற்கிடையே வேறு வழி மேற்கொண்டுள்ளன. இரட்டை ஊடுகதிர் வருடியும் காற்று இடப்பெயர்ச்சிக் கலமும் வந்துவிட்டன. எனினும் வீரர் எல்லாருக்கும் ஒருங்கே பொருந்தும் பிழையற்ற முறை எதுவும் இல்லை என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் ஆதரவில் கூடிய வல்லுநர் குழு 2012இல் எழுதியது. ஆஸ்திரேலியாவில் வேரூன்றிய வழக்கப்படி ஏழு இடங்களின் தோல்மடிப்பைக் கூட்டி, மில்லிமீட்டரிலேயே பதிவுசெய்து நிறுத்திவிடுகின்றனர், விழுக்காடாக மாற்றுவதில்லை. அப்பதிவேட்டில் ஒரு வீரரின் இந்த மாத எண்ணுக்கு அருகில் இருப்பது அவருடைய சென்ற மாத எண் மட்டுமே.